போர் + ஆட்டம் = போராட்டம்? வார்கேமுக்கு ஒரு தமிழ்ச்சொல்

மடல் 1: கோவையிலிருந்து

குழுவினருக்கு வணக்கம்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மேசைப்பந்து மேசையின் வலையைக் கழற்றிவிட்டு அதன்மேல் வாட்டர்லூ நடத்துகிறோம்: 1815-இல் பெல்ஜியத்தில் பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியனைப் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனும், அவருக்குத் துணையாக வந்த ஜெர்மன் அரசான புருசியாவின் படையும் தோற்கடித்த போர். ஒன்பதுக்கு ஐந்து அடி மேசை. மேலே பச்சைப் போர்வை. போர்வைக்கு அடியில் மகளின் பழைய பாடப்புத்தகங்கள். அவைதான் வெலிங்டன் நின்ற மோன்-சேன்-ழான் மேடு. மேட்டின் பின்சரிவில் வெலிங்டனின் ஆட்கள், எதிரி கண்ணில் படாமல். எல்லாம் 15 மில்லிமீட்டர் உயர உலோகச் சிப்பாய்கள், நாங்களே வர்ணம் அடித்தவை. ஏழெட்டுப் பேர் வருவோம், அதில் பாதி பள்ளிப் பிள்ளைகள்.

அந்தப் பிள்ளைகளுக்காக விதிகளைத் தமிழில் நாலு பக்கத்துக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். தலைப்பிலேயே மாட்டிக்கொண்டேன். இப்படிப் பொம்மைப் படைகளை வைத்துப் போரை ஆடும் வார்கேம் என்பதற்கு என்ன போடுவது?

"போர் விளையாட்டு" என்று போட்டேன். மகள் எட்டிப் பார்த்து, "மொபைல் கேமாப்பா?" என்றாள். சரி, சுருக்கமாக இருக்கட்டும் என்று போரையும் ஆட்டத்தையும் சேர்த்துப் பார்த்தேன். போராட்டம் வந்தது! "ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டில் போராட்டம், அனைவரும் வருக" என்று வாட்ஸாப்பில் போட்டால் முதலில் வந்து நிற்பது போலீஸ் ஜீப்பாகத்தான் இருக்கும்.

என் கையில் இருப்பது "களமாட்டம்". களம், ஆட்டம் இரண்டும் எல்லாருக்கும் தெரிந்த சொற்கள், ஓசையும் நன்றாக இருக்கிறது. மினியேச்சருக்கு, அதாவது இந்தக் குட்டிச் சிப்பாய்களுக்கு, "சிற்றுரு" என்று எழுதியிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. இன்னொன்றும் வேண்டும்: நடந்து முடிந்த ஒரு போரை மேசையில் மறுபடி ஆடிப் பார்ப்பதற்கு ஒரு சொல். "மறுபோர்" என்றால் நெப்போலியன் திரும்பி வந்துவிட்டது போல இருக்கிறது. நண்பர்கள் உதவ வேண்டும்.

மடல் 2: மதுரையிலிருந்து

தம்பி, புதுச்சொல்லுக்கு ஏன் இந்த அலைச்சல்? தேர், யானை, குதிரை, காலாள் என்று நால்வகைப் படையையும் பலகையில் இறக்கி, அதற்குச் சதுரங்கம் என்று பெயரும் வைத்து ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிறது. உங்களுடையது பெரிய சதுரங்கம், அவ்வளவுதான். வேறு சொல்தான் வேண்டும் என்றால் தொல்காப்பியம் இருக்கிறது. இரு வேந்தரும் ஒரு களத்தில் எதிரெதிர் நின்று பொருவது தும்பைத் திணை. நீங்கள் ஆடுவது அதைத்தானே? "தும்பையாட்டம்" என்று வையுங்கள். வெலிங்டனின் ஆட்கள் காத்து நின்ற ஹூகுமோன் பண்ணையை வளைத்து அடிப்பதை வேண்டுமானால், கோட்டை முற்றுகைக்கான உழிஞையில் சேர்க்கலாம்.

சிற்றுரு வேண்டாம். கண் மருத்துவமனைச் சுவரில் எழுதியிருப்பது போல இருக்கிறது.

மடல் 3: டொராண்டோவிலிருந்து

தம்பிக்கு, களமாட்டம் என்ற சொல் எனக்குச் சரிவரவில்லை. நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள். எங்களுக்குக் களமாடுவது என்றால் ஆள் உண்மையாகவே சண்டைக்குப் போனது. "களமாடி வீழ்ந்தார்" என்று வாசித்து வாசித்து அந்தச் சொல்லுக்குள் ஆட்டம் இருப்பதே எங்கள் காதுக்குக் கேட்பதில்லை, ஆட்கள்தான் தெரிகிறார்கள். பிள்ளைகள் பகடை உருட்டும் இடத்தில் அதை வைத்தால் எங்கள் பக்கத்து வாசகர் ஒருவருக்காவது நெஞ்சில் குத்தும்.

மேசைப்பந்து மேசையில்தானே ஆடுகிறீர்கள்? அந்தப் பெயரில் இருக்கிற மேசையையே எடுத்து மேசைப்போர் என்று வைத்தால் என்ன?

மறுபடி ஆடுவதற்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் பள்ளிக்கூடங்களில் சோதனைக்கு முதல் பழைய பாடங்களைத் திருப்பிப் படிப்பதை மீட்டல் என்போம். மீட்டல் வகுப்பு, மீட்டல் பயிற்சி என்றெல்லாம் இருக்கும். வாட்டர்லூ மீட்டல் எப்படி?

மடல் 4: கோவையிலிருந்து

அக்கா, களமாட்டத்தை அப்போதே அடித்துவிட்டேன். நீங்கள் சொல்லாமல் இருந்தால் அச்சுக்கே போயிருக்கும். இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை.

ஐயா சொன்ன சதுரங்கத்துக்கு வருகிறேன். வரலாறு உங்கள் பக்கம்தான். 1780-இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் ஹெல்விக் என்பவர் சதுரங்கத்தைத்தான் பெரிதாக்கிப் போர்ப் பயிற்சிக்கு ஒரு பலகை செய்தார். ஆனால் அதற்குப் பின் நடந்தது சதுரங்கத்தை விட்டு விலகிப் போன கதை. புருசியாவின் ரைஸ்விட்ஸ் என்பவர் 1812-இல் அரசருக்குக் காட்டிய மேசையிலும், அவருடைய மகன் 1824-இல் வெளியிட்ட விதிகளிலும் கட்டங்கள் இல்லை. மகன் பயன்படுத்தியது 1:8000 அளவில் வரைந்த நிலப்படம். ஒரு முறை, அதாவது ஆட்டத்தின் ஒரு சுற்று, களத்தில் இரண்டு நிமிடம். துப்பாக்கி எத்தனை பேரைச் சாய்த்தது என்பதைப் பகடை சொல்லும். நடுவே ஒரு நடுவர்; எதிரியின் எந்தப் படை உங்கள் கண்ணுக்குத் தெரியும், எது தெரியாது என்று முடிவு செய்பவர் அவர்தான். சதுரங்கத்தில் எதிரியின் யானை எங்கே நிற்கிறது என்று தெரியாமல் ஆடுவது உண்டா? குதிரை சிப்பாயை வெட்டப் போய், சிப்பாய் வெட்டுப்படாமல் நிற்பது உண்டா? எங்கள் மேசையில் இரண்டும் அன்றாடம் நடக்கும்.

அந்த 1824 ஆட்டத்தைப் பார்க்க வந்த தளபதி ம்யூஃப்லிங் முதலில் அக்கறையில்லாமல் உட்கார்ந்திருந்தாராம். போகப் போக நிமிர்ந்து, இது விளையாட்டே இல்லை, போருக்கான பயிற்சி என்று சொல்லிப் படை முழுவதற்கும் பரிந்துரைத்தார் என்பது இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர் எல்லாரும் சொல்லும் கதை. இதே ம்யூஃப்லிங் 1815-இல் வாட்டர்லூவில் இருந்தவர், வெலிங்டனின் பக்கத்தில் புருசியப் படையின் தொடர்பு அதிகாரியாக! அசலைக் கண்ணால் பார்த்தவர் மேசையில் இருந்ததை ஒப்புக்கொண்டிருக்கிறார். ஜெர்மன் பெயர் என்னவோ போர்-விளையாட்டு என்பதன் நேர்ச்சொல்தான். "விளையாட்டு இல்லை" என்று அவர் சொன்ன பிறகும் அந்தப் பெயரை மாற்றவில்லை. ஆகவே பெயர் கொஞ்சம் இளக்காரமாக இருந்தாலும் குடி முழுகாது. மேசைப்போர் எனக்குச் சரி. தும்பையை மட்டும் மன்னியுங்கள் ஐயா, பிள்ளைகள் பூ எங்கே என்று கேட்பார்கள்.

மினியேச்சருக்குச் சொல் தேடவே வேண்டாம் என்று போன ஞாயிறு தெரிந்துகொண்டேன். சிற்றுரு என்று நான் எழுதிய தாளை ஒருவரும் படிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் பிரெஞ்சுத் தளபதி. களத்தின் நடுவே இருக்கும் லா ஹே சேந்த் பண்ணையை நோக்கி அளவுகோலை வைக்கிறான். எதிரில் உட்கார்ந்திருந்தவள், "காயை முன்விளிம்பிலிருந்து அளடா, பின்விளிம்பிலிருந்து இல்லை" என்றாள். அரை சென்டிமீட்டருக்கு ஐந்து நிமிடச் சண்டை. அதில் எனக்குக் கேட்டது ஒரே சொல்: காய். தாயத்திலும் பல்லாங்குழியிலும் பழகிய அதே காய். எங்கள் ஆட்டத்தில் நாலு சிப்பாய்களை ஒரு சிறிய அட்டையில் ஒட்டியிருப்போம், அந்த அட்டை ஒரு பட்டாலியன், அதாவது ஏறக்குறைய 500 பேர். அட்டையோடு சேர்த்துத்தான் நகர்த்துவோம். அந்த முழு அட்டை காய், அதில் நிற்கும் ஒவ்வொருவனும் பொம்மை. "ஒரு காயில் நாலு பொம்மை": இதற்கு விளக்கவுரை தேவையா? மேசையை விட்டு எடுக்கப்பட்ட காய் வெட்டுப்பட்ட காய். இதுவும் தாயம் தந்ததுதான்.

இன்னொன்று. சூடுபட்ட படை நின்று தாங்குமா, கலைந்து ஓடுமா என்று பகடை உருட்டிப் பார்ப்பது இந்த ஆட்டத்தின் உயிர். அதற்கு நான் "மனவுறுதிச் சோதனை" என்று எழுதி வைத்திருந்தேன். பிள்ளைகள் உருட்டும்போது கத்துவது "நிற்குமா ஓடுமா!" விதித்தாளில் அதையே போட்டுவிட்டேன். கலைச்சொல் அகராதிக்காரர்கள் சண்டைக்கு வரட்டும்.

மீதி இருப்பது மறுபடி ஆடுவதற்கான சொல். எனக்கு உண்மையில் கவலை இதைப் பற்றித்தான், ஏனென்றால் இங்கே மூன்று வேறு காரியங்கள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன.

முதலாவது, அசையாத காட்சி. வில்லியம் சிபோர்ன் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி 1830-இல் லா ஹே சேந்த் பண்ணைவீட்டிலேயே தங்கி, எட்டு மாதம் அந்த நிலத்தை அளந்தார். சண்டையில் இருந்த அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதி யார் எங்கே நின்றீர்கள் என்று கேட்டார். 1838-இல் லண்டனில் காட்சிக்கு வைத்தார்: 70,000-க்கும் மேற்பட்ட குட்டி உலோகப் பொம்மைகள், மாலை ஏழு மணி வாக்கில் களம் இருந்த கோலம். இப்போது லண்டனில் தேசியப் படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் புருசியப் படை எதுவரை வந்திருந்தது என்பதில் வெலிங்டன் தரப்போடு அவருக்குப் பெரிய மனத்தாங்கல். பொம்மையை நாலு அங்குலம் தள்ளி வைத்தால் வெற்றியில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதே மாறிவிடும் அல்லவா? எப்படியானாலும் அது நவராத்திரிக் கொலு மாதிரி. அழகு, உழைப்பு, எல்லாம் உண்டு. யாரும் கை வைக்கக் கூடாது. அதற்குப் போர்க்கொலு என்றே பெயர் வைத்துவிடலாம்.

இரண்டாவது, ஆட்கள் வேடம் கட்டி நடிப்பது. 2015-இல் வாட்டர்லூவின் 200-ஆம் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கானோர் சீருடை மாட்டிக்கொண்டு பெல்ஜியத்தில் இறங்கி நடித்தார்கள். இதற்கு நம்மிடம் சொல் இல்லை என்று யாராவது சொன்னால் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா ஒன்றுக்கு அழைத்துப் போங்கள். பதினெட்டாம் நாள் படுகளம்; களிமண்ணில் பெரிய துரியோதனன் மல்லாந்து கிடப்பான், பீமன் தொடையில் அடிப்பான். ஊரே பார்த்து அழும். எத்தனை ஆண்டு போட்டாலும் துரியோதனன்தான் விழுவான். பெல்ஜியத்தில் நெப்போலியனும் அப்படித்தான். அது போர்க்கூத்து.

மூன்றாவது எங்களுடையது. இதில் நெப்போலியன் ஜெயிக்கலாம். இந்த ஒன்றைச் சொல்லாத எந்தச் சொல்லும் எனக்கு வேண்டாம். 1815 ஜூன் 18 பகல் பதினொன்றரைக்கு இருந்தபடி படைகளை வைக்கிறோம்: நெப்போலியனுக்கு ஏறக்குறைய 73,000 பேர், வெலிங்டனுக்கு 68,000. முதல் நாள் இரவு கொட்டிய மழையில் நிலம் சேறு, அதனால் குதிரைப்படைக் காய்க்கு நகர்வில் மூன்றில் ஒரு பங்கு குறைவு. இதுவரை எல்லாம் வரலாறு, மாற்ற முடியாது. முதல் காயை நகர்த்திய பிறகு எதுவும் எழுதி வைத்ததில்லை.

அப்படி விட்டாலும் ஒரு கள்ளத்தனம் நுழைகிறது. அந்த ஒன்பதாம் வகுப்புக்காரன் முதல் முறையிலேயே இருப்பதையெல்லாம் நடுவில் கொட்டினான். ஏண்டா என்றால், "புருசியாக்காரன் நாலரைக்குத்தானே மாமா வருவான், அதுக்குள்ள முடிச்சிடறேன்" என்கிறான். பாடப்புத்தகத்தைப் படித்துவிட்டு வந்த நெப்போலியன்! அசல் நெப்போலியனுக்கு அது தெரியாது. தன் தளபதி குரூஷி 33,000 பேரோடு புருசியரைத் துரத்திப் போயிருக்கிறார் என்ற தெம்பில் இருந்தார். அரை மணிக்கு ஒரு முறை என்று ஆடுகிறோம், ஆகவே தளபதி பியூலோவின் புருசியப் படை பதினோராம் முறையில் வர வேண்டும். இப்போது விதியை மாற்றிவிட்டேன். எட்டாம் முறையிலிருந்து ஒவ்வொரு முறையும் பகடை. ஆறு விழுந்தால் அப்போதே வருவார்கள், பன்னிரண்டாம் முறைக்குப் பிறகு நாலு விழுந்தாலே போதும். பையன் முகம் தொங்கிப்போனது.

இந்த அர்த்தத்தில் பார்த்தால் அக்கா சொன்ன மீட்டல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பாடத்தைத் திருப்பிப் பார்ப்பதும் அதில் இருக்கிறது, வீணையை மீட்டுவதும் இருக்கிறது. தந்தி அதேதான், ஒவ்வொரு முறையும் வருவது அதே பாட்டாக இருக்க வேண்டியதில்லை. களமீட்டல் என்று எழுதலாமா?

மடல் 5: மதுரையிலிருந்து

காய் அருமை. "நிற்குமா ஓடுமா"வுக்கு என் முழு ஆதரவு, இலக்கணம் என்னிடம் கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

களமீட்டலில் ஓர் இடறல். கேள் கேட்டல் ஆவது போல மீள் என்பதும் மீட்டல் ஆகும். எதிரியிடமிருந்து களத்தைப் பறித்துக்கொண்டதாகப் படிக்க இடம் உண்டு. "வாட்டர்லூவை மீட்டார்கள்" என்றால் அதுதான் பொருள். உங்களுக்கு வேண்டியது மீட்டு என்ற வினை: மீட்டினார்கள், மீட்டுகிறார்கள். ஒரு "-இன்-" தான் வேறுபாடு. உங்கள் பையன்கள் அதைக் காப்பாற்றுவார்களா?

மடல் 6: கோவையிலிருந்து

காப்பாற்ற மாட்டார்கள் ஐயா. நேற்றே ஒருவன் "போன மாசம் மீட்டோம்ல" என்றான். நல்ல வேளை, போன மாதம் அவன் பிரெஞ்சுக்காரன், உண்மையாகவே மேட்டைப் பிடித்திருந்தான்.

அதனால் களத்தை எடுத்துவிட்டு ஊர்ப்பெயரோடு மட்டும் வைத்துக்கொள்கிறேன்: வாட்டர்லூ மீட்டல். ஊர்ப்பெயருக்குப் பின் வரும்போது குழப்பம் குறைகிறது, முன்னால் "மேசைப்போர்" என்று இருந்தால் இன்னும் குறைகிறது. இன்று அச்சுக்குப் போகும் தாளின் தலைப்பும் முதல் இரண்டு வரிகளும்:

மேசைப்போர்: வாட்டர்லூ மீட்டல்

1. ஒரு காயில் நாலு பொம்மை. காயை முன்விளிம்பிலிருந்து அளக்க வேண்டும்.

2. புருசியர் எப்போது வருவார்கள் என்று யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது. நடுவருக்கே தெரியாது.