சென்சூரியன் டோலமைட் நிலம்: கிராவிட்டி மேப்பில் இறக்கம் இருந்தால் அடியில் குகையா?

வாசுகி_பி: வணக்கம். தென்னாப்பிரிக்காவின் சென்சூரியனில், தண்ணீரில் மெல்லக் கரையும் டோலமைட் பாறை நிலத்தில், கோயில் மண்டபத்துக்குப் பார்த்திருக்கும் 4 ஹெக்டேரில் 30 மீட்டர் கட்டமாக கிராவிட்டி சர்வே (ஈர்ப்பு விசையின் சிறு மாற்றங்களை அளப்பது) முடிந்தது. ரெசிடுவல் மேப்பில் (பரந்த பகுதியின் சாய்வைக் கழித்தபின் மிஞ்சுவது) மண்டபம் வரும் மூலையில் 0.4 மில்லிகால் (ஈர்ப்பு அளவின் அலகு) இறக்கம். கமிட்டியில் "அடியில் குகை" என்கிறார்கள். போதாக்குறைக்கு ஒரு வரிசை முழுக்க பக்கத்து வரிசைகளைவிட 0.1 குறைவு. போர் (சோதனைத் துளை) எங்கே போடுவது?

கரும்பாறை: குகைக்கு இவ்வளவு காட்டாதுங்க. 15 மீட்டர் ஆழத்தில் மையம், 5 மீட்டர் ஆரம் உள்ள வெற்றிடமே சுமார் 0.03-0.04தான். ஆரம் 2 மீட்டர் என்றால் 0.002-0.003; கருவிப் பிழைக்குள் காணாமல் போய்விடும். 0.4 என்றால் பாறைத்தலை (கெட்டிப் பாறையின் மேல்மட்டம்) அங்கே கீழே போயிருக்கிறது. டோலமைட் அடர்த்தி கன செ.மீ.க்கு 2.85 கிராம் அளவு. மேல்மண்ணும் 'வாட்' என்ற பொடியும் அதைவிட 1 குறைவு என்று வையுங்கள்: 10 மீட்டர் கூடுதல் தடிமனுக்கு 0.42 வரும். வாட் என்பது டோலமைட் கரைந்தபின் மிஞ்சும் மாங்கனீசுக் கரும்பொடி. கையில் கனமே தெரியாது. உடைந்த தண்ணீர்க் குழாயிலிருந்து ஒழுகினால் அரித்துக்கொண்டு கீழே இறங்கும். குழி விழுவது அப்படித்தான்.

லெவல்_தம்பி: அந்த வரிசையை முதலில் பாருங்கள். உயரப் பிழை மீட்டருக்கு 0.197 மில்லிகால், ஆக 0.1 வர அரை மீட்டர் தவறியிருக்க வேண்டும். அது இல்லையென்றால் கருவியைச் சந்தேகிக்கணும்: பேஸுக்கு (சரிபார்க்க மறுபடி மறுபடி அளக்கும் ஒரே புள்ளி) எத்தனை மணிக்கொரு தடவை திரும்பினார்கள்?

வாசுகி_பி: அந்த வரிசை மதியத்துக்கு மேல் எடுத்தது. பேஸ் காலையிலும் சாயங்காலமும் மட்டும்.

லெவல்_தம்பி: அப்போ டிரிஃப்ட்டாகத்தான் (நேரம் போகப்போகக் கருவியின் அளவு நகர்வது) இருக்கும். மணிக்கு ஒருமுறையாவது பேஸ் வேண்டும். கருவியில் நேர வித்தியாசம் எப்படிப் போட்டிருக்கிறது என்றும் கேளுங்கள். உலக நேரத்தோடு நமக்குள்ள 2 மணி நேர வித்தியாசத்தைக் கூட்டல் கழித்தல் மாற்றிப் போட்டால் அலைத் திருத்தம் (சூரியன், சந்திரன் ஈர்ப்புக்கானது) 4 மணி நேரம் தள்ளிப்போகும். அந்த வரிசையில் நாலைந்து புள்ளியை மறுபடி எடுத்தால் போதும், முழு சர்வே வேண்டாம்.

கரும்பாறை: அது சரியானபின் போர். இறக்கத்தில் மட்டும் போட்டு முடித்துவிடாதீர்கள். மேப்பில் அளவு கூடிய ஏற்றத்தில் ஒன்று, சரிவில் ஒன்று கட்டாயம். ஏற்றம் என்றால் பத்திரம் என்று நினைப்பதுதான் ஆபத்து: பாறைக் கூர்முனைகளுக்கு நடுவே ஒடுக்கமான மண் இடுக்கு 30 மீட்டர் கட்டத்தில் சிக்காது. பெர்குஷன் டிரில்லில் (இடித்து இறங்கும் துளைக்கருவி) ஒவ்வொரு மீட்டருக்கும் நேரம் குறிக்கச் சொல்லுங்கள். வாடில் சில நொடியில் இறங்கும். காற்று திரும்பாத இடம், தூள் வராத இடம் இரண்டையும் தனியாக எழுத வேண்டும். கெட்டிப் பாறைக்குள் 6 மீட்டராவது போன பிறகே நிறுத்தலாம். கிடைத்த ஆழங்களை வைத்து ரீஜனலை (கழிக்க வேண்டிய அந்தப் பரந்த சாய்வை) திரும்பப் போடுங்கள். தெற்கே ஜோகன்னஸ்பர்க் டோம் என்ற கிரானைட் மேடு, வடக்கே தடித்துப்போகும் டோலமைட். அந்தச் சாய்வைச் சரியாகக் கழிக்காவிட்டால் உங்கள் 0.4 கூட 0.2 ஆகலாம்.