மறு: டி.என்.ஏ. கதிர்ச்சேதம் – 'கொத்துப் பழுது' பொருந்துமா?

> 'கூட்டுச் சேதம்' போதுமே, எதற்குப் புதுச்சொல்?

போதாது. ஆங்கிலத்தில் 'clustered damage' என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்பதே நம் கேள்வி. 'கூட்டு' என்றால் கதிரும் வேறொரு நச்சும் சேர்ந்து விளைத்த கேடு என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். இங்கே சொல்லவருவது, டி.என்.ஏ. சுருளின் ஓரிரு சுற்றுக்குள், அதாவது சுமார் 10–20 கார இணைகளுக்குள் (இரு இழைகளையும் இணைக்கும் 'படிகள்'), இரண்டு மூன்று பழுதுகள் நெருங்கி விழுவதை.

1 கிரே (உடல் உறிஞ்சும் கதிரின் அலகு) காமாக்கதிர் தண்ணீரை 0.00024 டிகிரி செல்சியஸ்தான் சூடாக்கும். அதே அளவு ஒரு மனிதச் செல்லில் ஏறத்தாழ 1,000 ஓரிழை முறிவுகளையும் (ஒரு இழை மட்டும் முறிவது) 20–40 ஈரிழை முறிவுகளையும் (இரண்டும் அருகருகே முறிவது) உண்டாக்கிவிடும். ஆற்றல் சீராகப் பரவாமல், எலக்ட்ரான் போன தடத்தில் அங்கங்கே குவிந்து இறங்குவதால் வரும் வினை இது. அந்த இடங்களில் நீர் உடைந்து பிறக்கும் ஹைட்ராக்சில் தனியுறுப்புகள் (எதையும் உடனே தாக்கும் மூலக்கூறுத் துண்டுகள்) செல்லுக்குள் சில நானோமீட்டருக்கு மேல் நகர்வதில்லை. ஒன்று குவானின் என்ற காரத்தைத் தாக்கி 8-ஆக்சோகுவானின் என்ற கெட்ட காரமாக்கும். பக்கத்திலேயே இன்னொன்று எதிரிழைச் சர்க்கரையின் ஹைட்ரஜனைப் பறித்து இழையை முறிக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு இதைவிடப் பன்மடங்கு ஓரிழை முறிவுகளைத் தந்தும் செல் பிழைத்துக்கொள்வதுண்டு. அவை சிதறி விழுபவை. ஆகவே 'கொத்து'.

> 'பழுது' இயந்திரத்துக்கல்லவா?

'பழுதுபார்க்கும் நொதி' என்று எழுதும்போது யாரும் முகம் சுளிப்பதில்லையே! தவிர, சேதத்தை எண்ண முடியாது. செல்லுக்கு இத்தனை பழுது என்று எண்ணலாம்.

---

'கொத்துப் பழுது' எனக்கும் சம்மதம். ஆனால் அதை ஈரிழை முறிவுக்கு மாற்றுச்சொல்லாக்கிவிட வேண்டாம். ஈரிழை முறிவு கொத்துப் பழுதில் ஒரு வகை. முறிவே இல்லாமல், எதிரெதிர் இழைகளில் கெட்ட காரங்கள் மட்டும் நெருங்கி நிற்கும் கொத்தும் உண்டு. நொதிகள் இழையை வெட்டி இரண்டையும் ஒரே நேரத்தில் அகற்றப் போனால், இல்லாத ஈரிழை முறிவு அங்கே உண்டாகிவிடும். அகற்றாமல் விட்டாலும் ஆபத்துதான்: நகலெடுக்கும்போது 8-ஆக்சோகுவானின் அடினினோடு இணைந்துவிட்டால், கு–சை (குவானின்–சைட்டோசின்) இணை இருந்த இடத்தில் தை–அ (தைமின்–அடினின்) இணை வந்து உட்காரும். இந்த வகைக்கு 'முறிவிலாக் கொத்து' எனலாம்.

வரைவில் சில இடங்களில் 'இழைவெட்டு' என்றிருக்கிறது; 'இழைமுறிவு' என்றே திருத்துக. வெட்டு நொதி விடும் நுனிகளை லைகேஸ் என்ற ஒட்டு நொதி நேரடியாக ஒட்டிவிடும். கதிர் முறித்த 3' நுனியிலோ (இழையின் ஒரு முனை) பாஸ்பேட்டோ, உடைந்த சர்க்கரையின் மிச்சமான பாஸ்போகிளைக்கோலேட்டோ தொங்கும்; அதைச் செதுக்கி எடுத்த பிறகுதான் ஒட்ட முடியும்.