கண்ணுக்குத் தெரியாத ஃபிரெண்டுக்கும் தட்டு வைக்கணுமாம்... வைக்கலாமா?

மலர்_அம்மா:
பொண்ணுக்கு நாலரை வயசு. கொஞ்ச நாளா "கிட்டு"ன்னு ஒருத்தன்கூடப் பேசுறா. சாப்பாட்டுக்கு அவனுக்கும் தட்டு வைக்கணும், ஆட்டோல தள்ளி உக்காந்து இடம் விடணும். பாலைக் கொட்டிட்டு "கிட்டுதான் தட்டிவிட்டான்"ங்கிறா. மாமியார் மந்திரிச்சுட்டு வரலாம்ங்கிறாங்க. என்ன பண்றது?

தாழ்வாரம்:
மந்திரிக்கிற விஷயமே இல்லைங்க. ஆரிகன் பல்கலைக்கழகத்தின் மார்ஜோரி டெய்லர் குழு 2004ல வெளியிட்ட ஆய்வுல, ஏழு வயசுக்குள்ள 65 சதவீதக் குழந்தைகளுக்கு ஏதோ ஒரு கட்டத்துல இப்படி ஒரு கூட்டாளி இருந்திருக்கு (பொம்மைக்கு உயிர் கொடுத்துப் பேசுறதும் இந்தக் கணக்குல சேர்த்தி). மூத்த பிள்ளை, ஒத்தைப் பிள்ளைகிட்ட கொஞ்சம் அதிகம். இது பாவனைன்னு பெரும்பாலும் அவங்களுக்கே தெரியும். நாம ரொம்ப அக்கறையா விசாரிச்சா, "அது சும்மா விளையாட்டும்மா"ன்னு நமக்கே விளக்குவாங்க.

நியூசிலாந்துல ஐந்தரை வயசுக் குழந்தைகளை வச்சுச் செஞ்சு 2009ல வந்த ஆய்வையும் மாமியார்கிட்ட சொல்லுங்க. கூட்டாளி இருந்த பிள்ளைங்க கதை சொல்லும்போது யார் என்ன பேசினாங்க, எங்கே, எப்போ, ஏன்னு கூடுதலா சேர்த்துச் சொன்னாங்க. ஆனா சொல்வளத்துல வித்தியாசம் இல்லை.

செல்வி_பாலர்பள்ளி:
தட்டு வைங்க, காலித் தட்டு போதும். "பாவனைச் சோறு நீயே போட்டுடு"ன்னு அவகிட்டயே விட்டுடுங்க. நிஜச் சோறு போட்டா வீணாகும், அப்புறம் அதுக்கும் ஒரு சண்டை.

பால் கொட்டினா யார் கொட்டினதுன்னு விசாரணை வேண்டாம். "பொய் சொல்றியா"ன்னு கேட்டா, அவ கிட்டுவை விட்டுக்கொடுக்காம இன்னும் பிடிவாதமா நிப்பா. துணியைக் கையில கொடுத்து, "ரெண்டு பேரும் சேர்ந்து துடைச்சிடுங்க"ன்னு சொல்லுங்க. துடைக்கப்போறது அவதான், பொறுப்பும் அவளுக்கு வந்துடும்.

பலர் சறுக்குற இடம் ஒண்ணு இருக்கு: "கிட்டு சாப்பிட்டுட்டான் பாரு, நீயும் சாப்பிடு"ன்னு நாமளே அவனுக்குப் பேச ஆரம்பிக்கிறது. கிட்டு அவ உருவாக்கினவன். நாம ஓட்ட ஆரம்பிச்சா குழந்தைக்குக் கோபம் வரும். அவ கூப்பிட்டா மட்டும் கலந்துக்குங்க. சொந்தக்காரங்க முன்னாடி "கிட்டுவைக் கூப்பிடு பார்ப்போம்"னு காட்சிப்படுத்தவே கூடாது.

கிட்டு எதுக்குப் பயப்படுறான்னு காது கொடுத்துக் கேளுங்க. "கிட்டுக்கு ஊசின்னா பயம்"னு அவ சொன்னா, பெரும்பாலும் அது அவளோட பயம்.

மருதாணி:
எப்போ டாக்டர்? நான் முதல்ல பார்க்கச் சொல்றது, யார் பேச்சு எடுபடுதுன்னு. கிட்டு அடம் பிடிக்கலாம், சொன்ன பேச்சு கேட்காம இருக்கலாம், அது சகஜம். ஆனா "அவன் அடிக்கச் சொல்றான், நான் கேட்டே ஆகணும்"னு பயந்து சொன்னா, தூக்கம் கெட்டா, நிஜப் பிள்ளைங்களோட சேரவே மறுத்தா, கத்துக்கிட்ட பேச்சோ கழிப்பறைப் பழக்கமோ பின்னாடி போனா, காத்திருக்காதீங்க. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல இருக்கிற மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துல (DEIC, பிள்ளைங்க வளர்ச்சிப் பிரச்சினைகளைப் பார்க்கிற இடம்) காட்டலாம். போன்ல ஆலோசனை வேணும்னா டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண் 14416.

இன்னொண்ணு, இதுக்குத் தொடர்பில்லாதது, ஆனா குழப்பிக்கிறாங்க: திடீர்னு சில நொடி வெறிச்சுப் பார்த்து, கூப்பிட்டாலும் தொட்டாலும் அசையாம, அப்புறம் ஒண்ணும் நடக்காத மாதிரி தொடர்ந்தா அது வலிப்பின் ஒரு வகையா இருக்கலாம். போன்ல வீடியோ எடுத்துக் குழந்தை மருத்துவர்கிட்ட காட்டுங்க.

மலர்_அம்மா:
அப்படி எதுவும் இல்லைங்க, நல்லா ஓடியாடுறா. எப்போ நிறுத்தச் சொல்லணும்?

செல்வி_பாலர்பள்ளி:
சொல்லவே வேண்டாம்ங்க. பள்ளி, விளையாட்டுக் கூட்டம்னு ஆனதும் அவன் வர்றது தானா குறையும். எட்டு, ஒன்பது வயசு வரைக்கும் இருந்தாலும் தப்பில்லை. "கிட்டு ஊருக்குப் போயிட்டான்"னு நீங்களா அனுப்பி வைக்காதீங்க.