கட்கரி மாதிரி ஒரு ஆள் இஞ்ச இருந்தா வன்னி ரோட்டு இப்பிடியே கிடக்குமோ?

ஓமந்தைப் பெடியன்: சண்டைக்கு இழுக்கேல்ல, உண்மையாத்தான் கேக்கிறன். இந்தியாவில 2014ல இருந்து நெடுஞ்சாலை அமைச்சு நிதின் கட்கரிட்டத்தான் கிடக்கு, ஆள் மாறேல்ல. வரேக்க தேசிய நெடுஞ்சாலை கிட்டத்தட்ட 91,000 கிலோமீற்றர், இப்ப 1,46,000ஐத் தாண்டிட்டுது. அதுக்கு முதலே 95-99ல மகாராஷ்டிராவில பொதுப்பணி அமைச்சரா இருந்து மும்பை-பூனே எக்ஸ்பிரஸ்வேக்கு அடி போட்ட மனுசன். இஞ்ச இலங்கையில அந்தக் கதிரையில கிரியெல்ல, கபீர் ஹாசிம், ஜோன்ஸ்டன், பந்துல, இப்ப பிமல் ரத்நாயக்க. இடையில கொஞ்ச நாள் இருந்தவையை நான் எண்ணவே இல்லை.

முள்ளியவளையான்: தம்பி அந்த 1,46,000ல எல்லாம் புதுசா வெட்டின ரோட்டு இல்லை, மாநில ரோட்டுக்குத் தேசிய நெடுஞ்சாலை எண்டு பேர் மாத்தினதும் அதுக்குள்ளதான் வருது. மற்றது, அங்க தனியார் கொம்பனி காசு போட்டு ரோட்டுப் போட்டு டோல் வாங்கி எடுக்குது. முல்லைத்தீவு மாவட்டத்தில 2012 கணக்கெடுப்பில ஒரு லட்சம் சனம்கூட இல்லை, எந்தக் கொம்பனி வந்து பரந்தன் ரோட்டில டோல் கேற் போடும், லான்ட்மாஸ்டர் (கை உழவு மெசின்) வண்டிக்கும் மாட்டு வண்டிலுக்குமோ காசு வாங்கிறது? 😂

மன்னார்க்காரி: ரோட்டு நீளத்தை மட்டும் அளக்கிறியள். 2022ல மட்டும் இந்தியாவில வீதி விபத்தில செத்தது 1,68,491 பேர். வெளிநாட்டுக் கூட்டங்களில விபத்துக் கதை வந்தா முகத்தை மறைக்கப் பாக்கிறன் எண்டு கட்கரியே 2024 டிசம்பரில லோக்சபாவில சொன்னவர். இஞ்ச கண்டி ரோட்டை (ஏ9) காப்பட் எண்டு வழுவழுப்பாத் தார் போட்டாப் பிறகு டிப்பரும் பஸ்ஸும் ஓடுற ஓட்டம் தெரியுந்தானே, இரவில மாடு படுத்திருக்கும், லைற் இல்லை. 2025 ஜூலையில இருந்து பஸ் சாரதி சீற் பெல்ட் போடோணும் எண்டு பிமல் கொண்டு வந்ததை நான் பெரிய வேலை எண்டுதான் சொல்லுவன்.

ஓமந்தைப் பெடியன்: அக்கா நீங்கள் மன்னார் எண்டபடியா ஒண்டு கேக்கிறன், ராமேஸ்வரத்தில இருந்து தலைமன்னாருக்குப் பாலம் போடலாம், 24,000 கோடி ரூபா, ஆசிய அபிவிருத்தி வங்கி தாறதுக்கு ரெடி எண்டு 2015லயே பார்லிமெண்டில சொன்னது ஆர்? கட்கரிதான். இலங்கை அரசாங்கந்தான் அப்பிடியொரு பேச்சே நடக்கேல்ல எண்டு மறுத்தது.

மன்னார்க்காரி: சொன்னவர் சொன்னதோட சரி. 10 வருசத்துக்கு மேல ஆச்சு, ஒரு தூண் காட்டுங்கோ பாப்பம்.

முள்ளியவளையான்: அதைத்தான் நானும் சொல்லுறன், கதைக்கக் காசு தேவையில்லை. 2022 ஏப்ரலில கடன் கட்டேலாது எண்டு நாடு கையை விரிக்க கடவத்தை-மீரிகம எக்ஸ்பிரஸ்வே அப்பிடியே நிண்டது, 2025லதான் திரும்பத் தொடங்கினவை. கொழும்புப் பக்கமே அந்தக் கதி, எங்களுக்கு எங்கால?

ஓமந்தைப் பெடியன்: காசு இல்லை எண்ட கதையை 2022க்குப் பிறகு சொல்லுங்கோ கேக்கிறன். முல்லைத்தீவில வட்டுவாகல் பாலத்துக்கு அடிக்கல் வைச்சது 2025 செப்டம்பர். சண்டை முடிஞ்சது 2009. அந்த 16 வருசமும் ஒரு வாகனம் போனா மற்றது நிண்டு பாத்துக்கொண்டிருக்கிற பாலம் அது, மாரியில தண்ணி மேவினா அதுவும் இல்லை. அதே காலத்திலதான் தெற்கில மகிந்தவின்ர ஹம்பாந்தோட்டை மாவட்டத்தில மத்தள விமான நிலையம் 2013ல திறந்தது, எக்ஸ்பிரஸ்வே 2020ல ஹம்பாந்தோட்டை மட்டும் போச்சு.

முள்ளியவளையான்: சங்குப்பிட்டிப் பாலம் 2011ல திறந்தது, ஏ9 போட்டது எல்லாத்தையும் வசதியா மறந்திட்டாய். அப்ப நெடுஞ்சாலை அமைச்சு ஜனாதிபதி மகிந்த தன்ர கையிலயே வைச்சிருந்தவர், உனக்குப் பிடிச்ச மாதிரி அசையாத அமைச்சர்தான் 😏

ஓமந்தைப் பெடியன்: அண்ணை, ஏ9 யாழ்ப்பாணம் போறவைக்கு. நாங்கள் அதில ஏறுறதுக்கே உள்ளுக்க இருந்து கிறவல் ரோட்டில புழுதி குடிச்சுக்கொண்டு வரோணும். அசையாத அமைச்சர் தன்ர ஊருக்குத்தான் முதல்ல போட்டவர்.

மன்னார்க்காரி: அப்ப உமக்கு வேண்டியது கட்கரி இல்லை, வன்னியில பிறந்த ஒரு ரோட்டு அமைச்சர். வன்னி எம்பிமாரும் அமைச்சரா இருந்தவைதான், ஆனா அந்த அமைச்சை மட்டும் ஒருத்தரும் எங்கட ஆளிட்டக் குடுக்கேல்ல.