மேல்வீட்டுச் சத்தம்: யாரிடம் போய்ச் சொல்வது?

தம்பி, நான் சோமனூர்க்காரன். இராத்திரி முழுக்க விசைத்தறி ஓடினால் நிம்மதியாகத் தூங்குவேன். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் விழிப்பு வரும். அப்படிப்பட்ட என்னையே இங்கிலாந்தில் இருந்தபோது மேல்வீட்டுக்காரர் மூன்று மாதம் தூங்கவிடவில்லை. இரண்டு மணிக்குப் பாட்டு, அப்புறம் சண்டை. இப்போது ஊருக்கே திரும்பிவிட்டேன், ஆனாலும் இங்கிலாந்தில் மேல்வீட்டுச் சத்தத்தை யாரிடம் சொல்வது என்று நீங்கள் கேட்டதைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

நம்ம ஊரில் பெரியவர் ஒருவரைக் கூட்டிப்போய், "ஏனுங்க, கொஞ்சம் மெதுவாங்க" என்றால் பாதி முடிந்துவிடும். அங்கே முதலில் அந்த மேல்வீடு யாருடையது என்று பாருங்கள். கவுன்சிலா (அந்த ஊர் நகராட்சி மாதிரி), ஹவுசிங் அசோசியேஷனா (லாப நோக்கமில்லாமல் வீடு வாடகைக்கு விடும் அமைப்பு)? பெரும்பாலும் நுழைவாயில் பலகையிலேயே பெயர் இருக்கும். நீங்கள் தனியாரிடம் வாடகைக்கு இருந்தாலும் பரவாயில்லை, மேல்வீட்டுக்கு உரிமையாளரான அந்தக் கவுன்சிலிடமோ அசோசியேஷனிடமோ புகார் கொடுக்கலாம். அக்கம்பக்கத்துக்குத் தொல்லை தரக்கூடாது என்று மேல்வீட்டுக்காரரின் வாடகை ஒப்பந்தத்திலேயே இருக்கும்.

நான் செய்த தப்பு, போனில் மட்டும் சொன்னது. ஆறேழு தடவை பேசியும் ஒன்றுக்கும் பதிவு இல்லை. அப்புறம் தறிக்குடோனில் பாவுக் கணக்கு எழுதுகிற மாதிரி ஒரு நோட்டுப் போட்டேன்: தேதி, சத்தம் ஆரம்பித்த நேரம், நின்ற நேரம், என்ன சத்தம், வீட்டில் யார் யார் விழித்தோம். அதை மின்னஞ்சலில் அனுப்பிய பிறகுதான் அசைந்தார்கள்.

கூடவே கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கும் எழுதுங்கள். 1990ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி அவர்கள் விசாரிக்க வேண்டும். தொல்லைதான் என்று உறுதியானால் நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் போகும். இரவு 11 முதல் காலை 7 வரையிலான சத்தத்துக்குத் தனிச் சட்டமே உண்டு. குழந்தை அழுவது, ஆள் நடப்பது எல்லாம் எடுபடாது. (விடிகாலையில் ஓடும் நம் மிக்ஸி எந்தக் கணக்கில் வரும் என்று நான் கேட்கவே இல்லை.)

அதற்கும் அசையாவிட்டால் ஏஎஸ்பி கேஸ் ரிவ்யூ (ASB Case Review, அக்கம்பக்கத் தொல்லைப் புகார்களை மறுபடி பார்க்கச் சொல்லும் முறை) கேளுங்கள். பொதுவாக ஆறு மாதத்தில் மூன்று புகார் கொடுத்திருந்தால் போதும், கவுன்சில், போலீஸ், வீட்டு உரிமையாளர் எல்லாரும் சேர்ந்து பார்ப்பார்கள். அங்கேயும் நோட்டுத்தான் பேசும். சிலர் ஹவுசிங் ஆம்புட்ஸ்மனிடம் (வீட்டு உரிமையாளர் மீதான புகாரை விசாரிக்கும் அமைப்பு) போகச் சொல்வார்கள். அது பொதுவாக அதே உரிமையாளரிடம் குடியிருப்பவர்களுக்கு. மிரட்டல், அடிதடி என்றால் போலீசுக்கு 999, அவசரமில்லை என்றால் 101.

நோட்டை இன்று இராத்திரியே ஆரம்பியுங்கள் தம்பி. எப்படியும் விழித்திருக்கத்தானே போகிறீர்கள்.