பைதனில் ஏஈஎஸ்: "கொழும்பு" என்ற கடவுச்சொல் வேலை செய்கிறது, "கண்டி" செய்யவில்லை. ஏன்?

புறக்கோட்டை_கணக்கு

வணக்கம். கடையின் கடன் கொப்பி சீஎஸ்வி கோப்பாக இருக்கிறது: பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, நிலுவை. பென் ட்ரைவில் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியிருப்பதால் மறைகுறியாக்கிப் பூட்டப் பார்க்கிறேன். பைதனுக்குப் புதிது. பைகிரிப்டோடோம் நிரலகத்தில் ஏஈஎஸ் (AES) மறைகுறியாக்கம், தரவை 16 பைட் துண்டுகளாக வெட்டித் தனித்தனியே பூட்டும் ஈசீபி (ECB) முறை. கடவுச்சொல்லை யூடிஎஃப்-8 முறையில் பைட்டுகளாக்கி அதையே திறப்பாக (key) கொடுக்கிறேன்.

"கொழும்பு" என்று கொடுத்தால் ஓடுகிறது. "கண்டி" கொடுத்தால் திறப்பின் நீளம் பிழை, 15 பைட் என்கிறது. "யாழ்ப்பாணம்" கொடுத்தால் 33 பைட், அதுவும் பிழை. இன்னொரு கணினியில் அதே "கொழும்பு" கொடுத்தபோது 27 பைட் என்று சொல்லி நின்றுவிட்டது. குறைந்தால் பூச்சியம் போட்டு நிரப்பலாமா?

வெள்ளவத்தை_கோடர்

பூச்சியம் போட்டு நிரப்ப வேண்டாம். பிழை நீளத்தில் இல்லை, கடவுச்சொல்லையே திறப்பாகக் கொடுப்பதில்தான் இருக்கிறது.

ஏஈஎஸ் ஏற்றுக்கொள்ளும் திறப்பு 16, 24, 32 பைட் மட்டுமே. யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். கண்டி என்பது க, ண, புள்ளி, ட, இகரக் குறி என 5 குறியீடு, ஆகவே 15 பைட். யாழ்ப்பாணம் 11 குறியீடு, 33 பைட். கொழும்பு 8 குறியீடு, 24 பைட். ஏஈஎஸ்-192க்கு அது தற்செயலாகப் பொருந்திவிட்டது. பொருந்தியது நல்லதல்ல: ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் ஒருவருக்கு ஒரு நொடிகூடத் தேவையில்லை.

ஈசீபியையும் இன்றே விடுங்கள். "கொழும்பு" என்பதை நான்கு தடவை ஒட்டி எழுதி (96 பைட்) அதே முறையில் பூட்டி, வெளியீட்டை ஹெக்ஸாக (ஒரு பைட்டுக்கு இரண்டு எழுத்து) அச்சிட்டுப் பாருங்கள். முதல் 96 எழுத்தும் அடுத்த 96 எழுத்தும் அச்சொட்டாக ஒன்றாகவே இருக்கும். ஈசீபி வெட்டும் 16 பைட் துண்டுகளில் ஒன்று அப்படியே திரும்ப வந்தால், எங்கே வந்தாலும் ஒரே மறைகுறியாகத்தான் வரும். கடன் கொப்பியில் ஒரே பெயரும் ஒரே தெருவும் எத்தனை தடவை வருகிறதென்று யோசியுங்கள்.

பதிலுக்கு "கிரிப்டோகிராஃபி" நிரலகத்தை நிறுவி, அதிலுள்ள ஏஈஎஸ்ஜீசீஎம் (AESGCM) வகுப்பைப் பாவியுங்கள்; அது பூட்டுவதோடு, கோப்பு மாறவில்லை என்று காட்டும் முத்திரையும் இடும். கடவுச்சொல்லில் இருந்து திறப்பை ஸ்க்ரிப்ட் (scrypt, வேண்டுமென்றே நினைவகமும் நேரமும் எடுத்துத் திறப்பை ஆக்கும் சார்பு) மூலம் உருவாக்குங்கள்: என் (n) 131072, ஆர் (r) 8, பீ (p) 1, நீளம் 32. இது 128 எம்பி நினைவகம் எடுக்கும்; ஊகித்துப் பார்ப்பவரும் ஒவ்வொரு ஊகத்துக்கும் அதே விலையைக் கொடுக்க வேண்டும். பைதனோடு வரும் ஹாஷ்லிப்பின் ஸ்க்ரிப்டை எடுத்தால், அதன் இயல்பு எல்லை 32 எம்பி என்பதால் நினைவகப் பிழை வரும். அந்த எல்லையைக் குறிக்கும் மாக்ஸ்மெம் (maxmem) அளவை 256 எம்பிக்குக் கூட்டிவிடுங்கள்.

கோப்பின் அமைப்பு இப்படி இருக்கட்டும்: முதலில் பதிப்பு எண் 1 பைட், பிறகு சோல்ட் (salt, ஸ்க்ரிப்டுக்குக் கடவுச்சொல்லோடு கொடுக்கும் எழுமாற்றுப் பைட்டுகள்) 16, பிறகு நொன்ஸ் (nonce, ஒரு திறப்போடு ஒரு தடவை மட்டும் பாவிக்கும் பைட்டுகள்) 12, மிச்சம் மறைகுறி. சரிபார்ப்பு முத்திரை 16 பைட்டை நிரலகமே மறைகுறியின் கடைசியில் ஒட்டிவிடும். மொத்தத்தில் கோப்பு 45 பைட் கூடும். வேறு அளவு கூடியிருந்தால் எங்கோ பிழை. முதல் 17 பைட்டை இணைத்தரவாகவும் (பூட்டாமல் சரிபார்க்க மட்டும் கொடுக்கும் தரவு) கொடுங்கள். அதையும் சேர்த்து முத்திரை காக்கும்.

சோல்ட்டும் நொன்ஸும் இரகசியம் இல்லை, கோப்பிலேயே கிடக்கலாம். ஆனால் ஒவ்வொரு தடவை சேமிக்கும்போதும் ஓஎஸ் யூரண்டமில் (os.urandom) இருந்து புதிதாக எடுக்க வேண்டும். ரண்டம் என்ற தொகுதி இதற்கு ஆகாது, அதன் வெளியீட்டைப் போதியளவு பார்த்தவர் அடுத்ததைக் கணித்துவிடுவார். ஒரே திறப்போடு ஒரே நொன்ஸ் இரண்டு தடவை வந்தால், நேற்றைய கோப்பையும் இன்றைய கோப்பையும் எக்ஸ்ஓஆர் (பிட்டுக்குப் பிட் ஒப்பிடுதல்) செய்பவருக்கு இடமும் எழுத்தும் மாறாத வரிகளெல்லாம் பூச்சியமாகத் தெரியும். அதைவிட மோசம், முத்திரையைப் போலியாக இடவும் வழி திறந்துவிடும்.

எழுத்தும்_குறியீடும்

27 பைட் ஏன் என்று யாரும் சொல்லவில்லை. "கொ" என்பதில் ஒகரக் குறியை யூனிக்கோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியீடாகவும் வைக்கலாம், எகரக் கொம்பும் காலும் என இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டாவது கணினியின் விசைப்பலகை பிரித்து அனுப்பியிருக்கிறது, ஆகவே 9 குறியீடு, 27 பைட்.

இதுதான் இங்கே ஆக ஆபத்தான இடம். ஸ்க்ரிப்டுக்கு மாறியதும் இந்த நீளப் பிழைகூட வராது. வேறொரு திறப்பு பேசாமல் உருவாகும், கோப்பு திறக்காது, கடவுச்சொல்லைச் சரியாகத்தானே அடித்தேன் என்று மண்டையை உடைப்பீர்கள். யூனிகோட்டேட்டா தொகுதியில் நோர்மலைஸ் இருக்கிறது. அதில் என்எஃப்சி (NFC, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் வடிவம்) கொடுத்து, அதன் பிறகு யூடிஎஃப்-8 ஆக்குங்கள். பூட்டும்போதும் திறக்கும்போதும், இரண்டு இடத்திலும். ஒ, ஓ, ஔ ஓசை வரும் உயிர்மெய் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

புறக்கோட்டை_கணக்கு

மிக்க நன்றி, இப்போதுதான் விளங்குகிறது. எழுதிப் பார்த்தேன். பூட்டுகிறது, திறக்கும்போது பதிப்பு எண் 1 வரவேண்டிய இடத்தில் 98 வருகிறது. அந்தச் சோதனையை எடுத்துவிட்டால் இன்வலிட்டேக் (InvalidTag, முத்திரை பொருந்தவில்லை) என்று நிற்கிறது. கோப்பில் எழுதும்போது டைப்எரர் (TypeError) வந்ததால் எஸ்டிஆர் (str) போட்டுச் சரமாக மாற்றியிருந்தேன், அதுவா?

வெள்ளவத்தை_கோடர்

அதுவேதான். 98 என்பது ஆங்கிலச் சிற்றெழுத்து "பி"யின் எண். பைட்டுகளை எஸ்டிஆருக்குள் போட்டால், பைதன் அவற்றைத் திரையில் காட்டும் விதத்திலேயே, முன்னால் "பி"யும் மேற்கோள் குறியும் வைத்துச் சரமாக்கிவிடும். உங்கள் கோப்பில் இருப்பது அந்தச் சரம். எஸ்டிஆரை நீக்கி, எழுத டபிள்யூபி (wb), வாசிக்க ஆர்பி (rb) என்று பைட் முறையில் திறவுங்கள். பதிப்புச் சோதனையைத் திரும்பப் போடுங்கள், பிழை எங்கே என்று காட்டித் தந்தது அதுதான்.

இன்வலிட்டேக்குக்குப் பிழையான கடவுச்சொல், ஒரு பைட் மாறிய கோப்பு, பொருந்தாத இணைத்தரவு மூன்றும் ஒன்றுதான். எது என்று பிரித்துச் சொல்லாது.

மருதானை_மாலை

ஆரம்பத்தில் இருப்பவருக்கு அதே "கிரிப்டோகிராஃபி" நிரலகத்திலுள்ள ஃபெர்னெட் (Fernet) போதாதா? நொன்ஸ், முத்திரை எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும், பிழைவிட இடம் குறைவு.

வெள்ளவத்தை_கோடர்

போதும், பாதுகாப்பில் குறை சொல்ல முடியாது. உள்ளே பூட்டுவது ஏஈஎஸ்-128 சீபீசீ (CBC) முறை, மேலே முத்திரையிடுவது எச்மக் ஷா-256 (HMAC-SHA256). கடவுச்சொல்லில் இருந்துதான் திறப்பு என்றால் ஸ்க்ரிப்ட், சோல்ட், என்எஃப்சி மூன்றும் அதிலும் வேண்டும். கிடைக்கும் 32 பைட்டை யூஆர்எல் வகை பேஸ்64 (base64, பைட்டுகளைச் சாதாரண எழுத்துகளாக எழுதும் முறை) ஆக்கிக் கொடுக்க வேண்டும். கோப்பு மூன்றில் ஒரு பங்கு பெருக்கும், பூட்டிய நேரம் வெளியே தெரியும். நாளைக்கு அண்ட்ரொய்டில் கொட்லினில் திறக்கும் எண்ணம் இருந்தால் ஜீசீஎம் வசதி. ஜாவாவும் முத்திரையைக் கடைசியில்தான் எதிர்பார்க்கும்.

எழுத்தும்_குறியீடும்

ஒன்று விட்டுப்போச்சு. பூட்டாத சீஎஸ்வியைப் பென் ட்ரைவில் வைத்துப் பூட்டிவிட்டு அழிப்பதில் பயனில்லை. அழித்த பிறகும் தரவு ஃபிளாஷ் நினைவகத்தில் தங்கியிருக்கும், மீட்கும் மென்பொருள் வெளியே எடுத்துவிடும். கடைக் கணினியிலேயே பூட்டி, பூட்டிய கோப்பை உடனே திறந்து மூலத்தோடு பைட் பைட்டாக ஒப்பிட்டு, சரியென்றால் மட்டும் பென் ட்ரைவுக்குப் பிரதி எடுங்கள். கடவுச்சொல்லைத் தாளில் எழுதிக் கடை இரும்புப் பெட்டியில் வையுங்கள். மறந்துபோனால் மீட்டுத்தர யாராலும் ஏலாது.