மறுபடியும் பெருந்தொற்று வந்தால் பள்ளியை மூடத்தான் வேண்டுமா?

ஆயர் ஈத்தாம் அம்மா:
என் மகன் ஆறாம் ஆண்டு முடிக்கப் போகிறான். 2020 ஜனவரியில் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்த்தோம், மார்ச் 18-இல் கோவிட் பெருந்தொற்றால் மலேசியா முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாடு வந்துவிட்டது, பள்ளிகளை மூடிவிட்டார்கள். ஜூலையில் திறந்தார்கள், நவம்பரில் மூடினார்கள், அடுத்த மார்ச்சில் திறந்து மே மாதம் திரும்பவும் மூடினார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டிய இரண்டு வருடமும் இப்படியே போனது. அடுக்குமாடியில் பதினோராவது மாடி, மூன்று பிள்ளைகள், ஒரே கைப்பேசி, அதையும் கணவர் வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். ராத்திரி அவர் வந்து, மூத்தவள் பாடம் முடித்து, இவன் கைக்கு வரும்போது தூங்கி விழுவான். இன்றைக்கும் வரிக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டுதான் படிக்கிறான்.

இந்த 2025 அக்டோபரில் இன்ஃபுளுவென்சா ஏறக்குறைய 6,000 மாணவர்களுக்குத் தொற்றி, சில பள்ளிகளை மூடினார்கள் என்று கேட்டதுமே எனக்கு வயிறு கலங்கிவிட்டது. இன்னொரு பெருந்தொற்று வந்தால் மூடத்தான் வேண்டுமா? பிள்ளை வளர்த்தவர்கள், பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள் சொல்லுங்கள்.

செந்தூல் டீச்சர்:
அக்கா, உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகளைத்தான் 2022-இல் மூன்றாம் ஆண்டில் எனக்குக் கொடுத்தார்கள். ழகரம் சொல்லித்தர வேண்டுமானால் நாக்கு எங்கே மடிகிறது என்று பிள்ளை பார்க்க வேண்டும். கூகுள் மீட்டில் என் முகம் தபால்தலை அளவுதான், பள்ளி திறந்த பிறகோ முகக்கவரி. கையை நாக்கு மாதிரி மடித்துக் காட்டிச் சொல்லிக்கொடுத்தேன், அப்படியும் சிலருக்குப் பழம் ‘பளம்’ என்றே நின்றுவிட்டது.

எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. 2020 ஜூன் 24-இல் முதலில் யாரைப் பள்ளிக்குக் கூப்பிட்டார்கள்? படிவம் 5, படிவம் 6, அதாவது தேர்வு எழுதுகிறவர்களை. டென்மார்க்கில் அதே வருடம் ஏப்ரல் நடுவிலேயே திறந்தார்கள், சின்னப் பிள்ளைகளைத்தான் முதலில் உள்ளே விட்டார்கள். பதினேழு வயதுப் பிள்ளை புத்தகத்தை எடுத்துத் தானே கொஞ்சமாவது படித்துக்கொள்ளும், ஏழு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? மூடியே ஆகவேண்டும் என்றால் பாலர் பள்ளி முதல் மூன்றாம் ஆண்டு வரை கடைசியாக மூடி, முதலில் திறக்க வேண்டும்.

செராஸ் தாதி:
டீச்சர் சொல்வது புரிகிறது. ஆனால் 2021 ஆகஸ்டை மறந்துவிட்டுப் பேச என்னால் முடியாது. 26-ஆம் தேதி ஒரே நாளில் 24,599 பேருக்குத் தொற்று. எங்கள் வார்டில் கட்டில் போதாமல் நாற்காலியில் உட்கார வைத்து ஆக்சிஜன் கொடுத்தோம். என் அம்மா போனதும் அந்த மாதம்தான். அப்போது பிள்ளைகள் யாரும் பள்ளிக்குப் போகவில்லை, என் வழியாகத்தான் வீட்டுக்குள் வந்திருக்க வேண்டும், அதை நினைக்காத நாளில்லை. பாட்டியும் பேரப்பிள்ளைகளும் ஒரே அறையில் படுக்கும் வீடு எங்களுடையது. அந்த மாதத்தில் பள்ளி திறந்திருந்தாலும் பிள்ளைகளை அனுப்பியிருக்க மாட்டேன்.

தடுப்பூசி தொடங்கியதே 2021 பிப்ரவரி 24-இல்தான். அடுத்த வாரமே சின்ன வகுப்புகளைத் திறந்தபோது பல ஆசிரியர்களுக்கு முதல் ஊசிகூடப் போட்டிருக்கவில்லை. திறக்கச் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் ஆசிரியர்களுக்கு முன்வரிசையில் ஊசி போட்டுவிட்டு அப்புறம் திறக்கட்டும்.

பட்டர்வொர்த் அப்பா:
முதலில், தாதி அக்கா, உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள். நீங்கள் எல்லாம் வேலைக்குப் போனதால்தான் பல பேர் பிழைத்தார்கள்.

என் கேள்வி, எல்லாப் பள்ளிக்கும் ஏன் ஒரே உத்தரவு? என் மகள் படித்த தமிழ்ப்பள்ளியில் மொத்தமே 60 பிள்ளைகள்தான், வகுப்புக்குப் பத்துப் பேர், இரண்டு பக்கமும் சன்னல். ஆயிரம் பேர் படிக்கும் பட்டணத்துப் பள்ளியை மூடிய அன்றைக்கே எங்கள் பள்ளிக்கும் பூட்டு. 150-க்கும் குறைவான பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப்பள்ளிகள் நாட்டில் எத்தனையோ இருக்கின்றன, அவற்றுக்கு இடைவெளி விட்டு உட்கார வைப்பது பெரிய காரியமே இல்லை. பெரிய பள்ளிகளுக்கும் வழி இருந்தது, 2021 அக்டோபரில் வகுப்பைப் பாதியாகப் பிரித்து வாரம் மாற்றி வாரம் வரச் சொன்னார்களே, அதை முன்பே செய்திருக்கலாம். இன்னொன்று, பள்ளியில் கொடுக்கும் கூடுதல் உணவுத் திட்டத்துச் சாப்பாட்டை நம்பியிருந்த பிள்ளைகள் அந்த மாதங்களில் காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்று யாராவது கேட்டோமா?

ஆயர் ஈத்தாம் அம்மா:
தாதி அக்கா, உங்கள் அம்மாவைப் பற்றிப் படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுத வரவில்லை. நான் என் பிள்ளையை மட்டும் நினைத்துக் கேட்டுவிட்டேன். ஆசிரியர்களுக்கு முதலில் ஊசி, சின்ன வகுப்பு கடைசியாக மூடுவது, சிறிய பள்ளிக்குத் தனி முடிவு, இந்த மூன்றையும் எழுதி அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கொடுக்கப் போகிறேன். டீச்சர், அந்தக் கையை எப்படி மடிப்பீர்கள்? என் மகனுக்கும் ‘பளம்’தான்.

செந்தூல் டீச்சர்:
உள்ளங்கை மேலே பார்க்கட்டும், அதுதான் நாக்கு. இன்னொரு கையை அதற்கு மேலே கூரை மாதிரி பிடியுங்கள், அது அண்ணம். விரல் நுனிகளைப் பின்னால் வளைத்துக் கூரையைத் தொட்டால் ள, தொடாமல் நிறுத்தினால் ழ. கண்ணாடி முன்னால் நிற்க வைத்து ‘மழை’ சொல்லச் சொல்லுங்கள் அக்கா, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போதும்.